கயிறு எடுத்துப் போகலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐந்து நண்பர்கள். சில வருடங்களாகச் சேர்ந்து மலைநடை போகிறீர்கள். அடுத்த மாதம் ஒரு நாள், கை ஊன்றி ஏற வேண்டிய ஒரு பாறை முகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடந்து வரத் திட்டம். வழிகாட்டிப் புத்தகம் அதற்குக் கிரேடு 1 போட்டிருக்கிறது. ஐவரில் ஒருவருக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் வருகிறேன் என்கிறார். உங்களிடம் 30 மீட்டர் கயிறு ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கயிறு ஒரு சாக்கு என்றுதான் படுகிறது. மனதை அரிப்பது அந்த நண்பரை அழைத்துப் போகலாமா வேண்டாமா என்பது. ஆகவே இரண்டுக்குமே பதில் சொல்கிறேன்.

பதினைந்து வருடங்களுக்கு மேலாக நண்பர்களோடு இப்படிப்பட்ட முகடுகளில் ஏறி இறங்கி வருகிறேன். பாறை ஏற்றத்தில் முறையான பயிற்சி எடுத்திருக்கிறேன். ஆனால் நான் சான்றிதழ் பெற்ற தொழில்முறை வழிகாட்டி அல்ல. உங்கள் நண்பரைப் பார்த்ததும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்கிராம்பிளிங் என்பது நடைக்கும் பாறை ஏற்றத்துக்கும் நடுவில் இருக்கும் ஒன்று. கால் மட்டும் போதாது, கையும் வேண்டும். ஆனால் பெரும்பாலானவர்கள் கயிறு கட்டுவதில்லை. பிரிட்டனில் இதை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய கிளாஸ் 3, கிளாஸ் 4 என்று வரும். உங்களைப் போல முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இந்த எண்தான். பாறையில் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் அந்த எண் முக்கியமாகச் சொல்கிறது. வழுக்கினால் எங்கே போய் விழுவீர்கள் என்பதை அது முழுமையாகச் சொல்வதில்லை. வேல்ஸில் உள்ள கிரிப் கோச் முகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 923 மீட்டர் உயரம், கிரேடு 1. அங்கே செய்ய வேண்டிய ஒவ்வொரு அசைவையும் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் வைத்தால் ஒரு சிறுவன் விளையாட்டாகச் செய்துவிடுவான். ஆனால் அங்கே ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கமும் உருண்டால் நிற்க முடியாத சரிவு. முகட்டின் உச்சியைக் கைப்பிடிச் சுவர் போலப் பிடித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே காலை வைத்துத்தான் பலர் நகர்கிறார்கள். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஹெல்வெல்லின் மலைக்குப் போகும் ஸ்ட்ரைடிங் எட்ஜும் கிரேடு 1தான். அங்கே பல இடங்களில் உச்சிக்குப் பக்கத்திலேயே ஒற்றையடிப் பாதை கூடவே வருகிறது. பயந்தால் அதில் இறங்கி நடக்கலாம். இரண்டுக்கும் ஒரே தரம்தான், ஆனால் அனுபவம் வேறு.

அதனால் புத்தகத்தில் தரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தேடுங்கள்: நடுவில் இறங்கிவிட வழி உண்டா? ஸ்காட்லாந்தின் கிளென் கோ பள்ளத்தாக்குக்கு மேலே ஏயோனாக் ஈகாக் என்று ஒரு முகடு இருக்கிறது. கிரேடு 2. ஏறுவதற்கு அபாரமான இடம். ஆனால் குறுகலான பகுதிக்குள் நுழைந்துவிட்டால் பாதுகாப்பாக இறங்க இடையில் வழி கிடையாது. கீழே சாலை கண்ணுக்குத் தெரியும், கார்கள் போவது தெரியும். அந்தப் பக்கமாக இறங்கிவிடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. ஒன்று முன்னால் போய் முடிக்க வேண்டும், இல்லை வந்த வழியே திரும்ப வேண்டும். உயரத்துக்குப் பயப்படும் ஒருவரை முதல் தடவை அழைத்துப் போக அது இடமே அல்ல. வேல்ஸில் உள்ள ட்ரைஃபான் மலையின் வடக்கு முகடு நேர்மாறு. அகலமானது, ஒரு பாறை மிரட்டினால் பக்கத்தில் சுற்றிப்போக வேறு வழி இருக்கும். (அதன் உச்சியில் ஆதாம், ஏவாள் என்று இரண்டு பாறைகள் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அங்கே ஒரு வழக்கம். உங்களில் ஒருவர் எப்படியும் புகைப்படத்துக்காகக் கேட்பார். வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.)

சரி, கயிறு. கயிறு கட்டியிருந்தால் பத்திரம் என்பது பார்வைக்கு மட்டும்தான். கயிறு உயிர் காக்க வேண்டுமென்றால் அதன் மறுமுனை அசையாத ஒன்றில் மாட்டப்பட்டிருக்க வேண்டும்: பாறையில் ஒரு நங்கூரம், அல்லது ஒருவர் உறுதியாக உட்கார்ந்து கயிற்றைச் சரியான முறையில் பிடித்திருப்பது. அது இல்லாமல் ஐந்து பேரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தால், ஒருவர் வழுக்கும்போது மற்ற நால்வருக்கும் இழுப்பு வரும். குறுகலான முகட்டில், நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த இழுப்பைத் தாங்கி நிற்பது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மலையேற்ற வரலாற்றில் எல்லோரும் சொல்லும் ஒரு நாள் உண்டு: 1865 ஜூலை 14. எட்வர்ட் விம்ப்பர் என்ற ஆங்கிலேயரும் கூட இருந்தவர்களுமாக ஏழு பேர் முதன்முதலாக ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் உச்சியை, அதாவது 4478 மீட்டரை, அடைந்தார்கள். ஏறியாயிற்று, கொண்டாடியாயிற்று. இறங்கும்போது ஏழு பேரும் ஒரே வரிசையாகக் கயிற்றில் இணைந்திருந்தார்கள். குழுவிலேயே அனுபவம் குறைந்த ஹாடோ வழுக்கி, முன்னால் இருந்த வழிகாட்டி மேல் மோதினார். இருவரும் விழுந்த வேகத்தில் பின்னால் இருந்த இருவரும் இழுக்கப்பட்டார்கள். நான்காவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் கயிறு அறுந்தது. நான்கு பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிழைத்தார்கள். அறுந்தது அவர்கள் கொண்டுபோனவற்றில் வலுவில்லாத கயிறு என்பது உறுதி. அது அறாமல் இருந்திருந்தால் மேலே இருந்த மூவரும் தாங்கிப் பிடித்திருப்பார்களா, ஏழு பேரும் போயிருப்பார்களா என்பதை மட்டும் இன்றைக்கு யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கதையில் உறைப்பது அறுந்த கயிறு அல்ல. விபத்து இறக்கத்தில் நடந்தது, ஆரம்பித்தது அனுபவம் குறைந்தவரின் காலடியில், கூட இருந்தவர்களில் கைதேர்ந்த வழிகாட்டிகளும் இருந்தார்கள்: இந்த மூன்றும்தான்.

உங்கள் ஐவரில் யாராவது ஒருவர் பாறையைச் சுற்றிக் கயிறு போட்டு இன்னொருவரை ஏற்றி இறக்கப் பயிற்சி எடுத்திருந்தால், அந்த 30 மீட்டர் கயிறு உண்மையிலேயே உதவும். மூன்று நான்கு மீட்டர் உயரப் படி ஒன்றில் பயந்து நிற்பவரின் இடுப்பில் சரியாகக் கட்டி மேலே இருந்து பிடித்தால் அவருக்கு மூச்சு திரும்பும். அப்படி யாரும் இல்லையென்றால் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எழுத்தில் படித்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் நான் முடிச்சுகளைப் பற்றி இங்கே ஒரு வரி கூட எழுதப் போவதில்லை. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரோடு ஒரு நாள் செலவிடுங்கள். ஐவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். கயிறு பையில் இருக்கிறது என்ற தைரியத்தில், அது இல்லாவிட்டால் கால் வைக்காத இடத்தில் கால் வைப்போம். நானே அப்படிச் செய்திருக்கிறேன்.

இனி அந்த நண்பர். இதில்தான் நான் ஒரு முறை பெரிதாகத் தவறியிருக்கிறேன், அதைச் சொல்லிவிடுவது நல்லது. பல வருடங்களுக்கு முன் நாங்கள் ஆறு பேர் ஒரு முகட்டில் போய்க்கொண்டிருந்தோம். குறுகலான பகுதி தொடங்கும் இடத்தில் நான் திரும்பி, எல்லோரும் கேட்கும்படியாக, “என்னப்பா, சரியா இருக்கியா?” என்று ஒருவரைக் கேட்டேன். “சரியா இருக்கேன்” என்றார். நான்கு நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வார்? இருபது நிமிடம் கழித்து, ஒரு கத்தி முனை போன்ற இடத்தில் குதிரை மேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. நாங்கள் செய்தது என்ன தெரியுமா? ஆளாளுக்கு, “இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்” என்றோம். முக்கால் மணி நேரம் காற்றில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒருவர் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாறையில் ஒவ்வொரு பிடியாகக் காட்டி, வந்த வழியே அங்குலம் அங்குலமாகத் திருப்பிக் கூட்டிப் போனார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அவர் அதற்கப்புறம் எங்களோடு எந்த மலைக்கும் வந்ததில்லை. அந்தக் கேள்வியை நான் முந்தின நாள், தனியாக, தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும்.

உயரப் பயம் போகப் போகச் சரியாகிவிடுமா என்று கேட்டால், இதில் நான் உறுதி தர மாட்டேன். முதல் அரைமணி நேரம் நடுங்கிவிட்டு அப்புறம் பாட்டுப் பாடிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக வந்துகொண்டே இருந்து, ஒரே ஒரு தடவை கீழே பார்த்ததும் உறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பேச்சை வைத்து இருவரையும் பிரிக்க எனக்குத் தெரியாது. பாறையில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். முகட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள், தாழ்வான, பத்திரமான ஒரு பாறைக்கு அவரை அழைத்துப் போங்கள். இரண்டு மூன்று மீட்டர் ஏறச் சொல்லுங்கள். அப்புறம் அதே வழியில் இறங்கச் சொல்லுங்கள். ஏற்றத்தை விட்டுவிட்டு இறக்கத்தைக் கவனியுங்கள். ஏறும்போது பிடிகள் கண்ணுக்கு எதிரே இருக்கும். இறங்கும்போது கால் வைக்கும் இடத்தை உடம்பே மறைத்துவிடும். கீழே பார்த்துத்தான் ஆக வேண்டும். நிதானமாகக் கீழே பார்த்து, காலால் தேடி, நம்பி எடையை மாற்றுகிறார் என்றால் பயம் இருந்தாலும் வேலை செய்யும் பயம் அது. பாறையை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறார் என்றால் முகட்டுக்கு இப்போது வேண்டாம்.

பாறையைக் கட்டிப்பிடிப்பது பார்க்கப் பத்திரமாகத் தெரியும், விளைவு நேர்எதிர். உடம்பு உள்பக்கம் சாய்ந்தால் கால் பாறையை நேராகக் கீழே அழுத்தாமல் வெளிப்பக்கமாகத் தள்ளும். அப்போதுதான் காலணியின் அடிப்பாகம் வழுக்குகிறது. இடுப்பைச் சற்று வெளியே வைத்து, காலுக்கு நேர் மேலே நின்றால் அடிப்பாகம் பாறையைக் கவ்வும். பயந்தவருக்கு இது இயல்புக்கு எதிரான செயல். அதனால்தான் தரைக்குப் பக்கத்திலேயே பழக்க வேண்டும். நுனிக்காலில் நெடுநேரம் நின்றால் கால் கிடுகிடுவென்று ஆடும். பாறை ஏறுகிறவர்கள் இதைத் தையல் மெஷின் கால் என்று கேலியாகச் சொல்வார்கள். குதிகாலைக் கீழே இறக்கி மூச்சை விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தன் கால் ஆடுவதைப் பார்த்தே அவர் இன்னும் பயப்படுவார்.

வானிலையில் எனக்குச் சமரசம் கிடையாது. ஈரப் பாறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஏரி மாவட்டத்துப் பிளென்காத்ரா மலையின் ஷார்ப் எட்ஜ் முகட்டில் உள்ள பாறை நனைந்தால் சோப்பு போல வழுக்கும். அங்கே விபத்துகள் நடப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் உள்ள குயிலின் முகட்டில் உள்ள கேப்ரோ பாறை சொரசொரப்பானது, நனைந்தாலும் பிடிக்கும். ஆனால் அதன் இடையே ஓடும் பசால்ட் பட்டைகள் நனைந்தால் வழுக்கிவிடும். கேப்ரோவை நம்பி வந்தவர் அதில் அடுத்த காலை வைக்கும்போது ஏமாந்துபோவார். அங்கே பாறையின் காந்தத் தன்மையால் திசைகாட்டியும் சில இடங்களில் பொய் சொல்லும். நீங்கள் போகும் முகட்டில் எந்தப் பாறை என்று முன்பே விசாரியுங்கள். மழை பெய்து முடிந்திருந்தாலும் பாசி படிந்த பக்கம் நெடுநேரம் காயாது.

காற்று மழையைவிட மோசம். மலைமேல் மோதும் காற்று முகட்டைத் தாண்டும் இடத்தில் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கும். அடிவாரத்தில் சட்டை மட்டும் படபடத்தால் மேலே நிற்கவே சிரமமாக இருக்கலாம். ஒரே சீரான காற்றில் சாய்ந்து நிற்கலாம். விட்டுவிட்டு அறைகிற காற்றில் அது முடியாது. உச்சியில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வீச்சு இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் நான் குறுகலான முகட்டுக்குப் போவதில்லை. இது என்னுடைய கோடு, விதி அல்ல. உங்கள் கோடு இன்னும் கீழே இருக்கலாம், மேலே இருக்க வேண்டாம். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதையும் காற்றோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனால் பிடி தெரியாது. இடி மின்னலுக்கு, மின்னலைப் பார்த்ததிலிருந்து இடிச் சத்தம் கேட்கும் வரை எண்ணுங்கள்; மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஆனால் முகட்டில் ஓடி ஒளிய இடம் இல்லை. ஆகவே அந்த முடிவைக் காலையில் கீழேயே எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் கோடைப் பிற்பகல் இடிமழைக்குப் பயந்தே நண்பகலுக்குள் உச்சியிலிருந்து இறங்கிவிடு என்பார்கள். பனி படிந்திருந்தால் நான் இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. அது பனிக்கோடரியும், காலணியில் மாட்டும் முள்தகடான கிராம்பானும் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கான வேறு விளையாட்டு.

நேரத்தைப் பெரும்பாலும் எல்லோரும் குறைத்துத்தான் போடுகிறார்கள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அடிவாரத்திலிருந்து முகட்டின் தொடக்கம் வரை இது சரியாக வரும். முகட்டின் மேல் இதை மறந்துவிடுங்கள். ஒரு பாறைப் படியில் ஒருவர் ஏற இரண்டு நிமிடம் என்றால் ஐந்து பேருக்குப் பத்து நிமிடம். அப்படி ஆறு படி வந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். எதிரே வேறு குழு வந்தால் அதற்கும் நிற்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் குறுகலான முகட்டுக்கு நான் இரண்டு மணி நேரம் ஒதுக்குவேன். மிச்சமானால் உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

போகும் வரிசை முக்கியம். வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர் முதலில்; பயப்படுகிறவர் அவருக்கு அடுத்து; அடுத்த அனுபவசாலி அவருக்குப் பின்னால். “இடது காலை இன்னும் ஒரு சாண் கீழே வை” என்று பொறுமையாகச் சொல்லக்கூடியவராக அந்தப் பின்னால் வருபவர் இருக்க வேண்டும். அவசரக்காரரை அங்கே போடாதீர்கள். குறுகலான பாறைப் பிளவுகளில் ஒருவருக்கு நேர் கீழே ஒருவர் நிற்க வேண்டாம். கல் பெயர்ந்தால் நேராகத் தலைக்கு வரும். பெயர்ந்தால் யார் தள்ளியது என்று யோசிக்காமல் “கல்! கல்!” என்று கத்துங்கள். ஹெல்மெட் ஐவருக்கும் வேண்டும், நால்வருக்கு இருந்தால் போதாது. ஊன்றுகோல்களை மடித்துப் பைக்குள் வையுங்கள். வெளியே தொங்கும் எதுவும் பாறையில் மாட்டி இழுக்கும்.

பிடியை நம்புவதற்கு முன் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற சத்தம் வந்தால் ஆடும் கல். அதை விட்டால் வேறு பிடி இல்லையென்றால் வெளியே இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் நகர வேண்டும் என்ற பழைய பாடம் இன்றும் சரிதான். நிறையப் பேர் நடந்த வழியில் பாறை பளபளவென்று தேய்ந்திருக்கும், பிடிகளில் மண் இருக்காது. திடீரென்று ஏற்றம் கடினமாகி, பாறையில் பாசியும் புல்லுமாகத் தெரிந்தால் வழி தவறிவிட்டீர்கள். கிரேடு 1 முகட்டில் கடினமான இடம் வந்தால் அது பெரும்பாலும் உங்கள் தவறுதான், மலையின் தவறு அல்ல. உடனே பின்வாங்கிக் கடைசியாக வழி தெளிவாக இருந்த இடத்துக்கு வாருங்கள். பின்வாங்க முடியும் என்பதற்காகவே, இறங்கத் தெரியாத எதிலும் ஏறக்கூடாது. இறங்கும்போது சாதாரணச் சரிவில் வெளியே பார்த்தும், செங்குத்தானால் பக்கவாட்டாகவும், இன்னும் செங்குத்தானால் பாறையைப் பார்த்துத் திரும்பியும் இறங்குங்கள்.

எல்லோரிடமும் ஒரு விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம். மூன்று முறை ஊதினால் கேட்டுவிட்டோம் என்று பதில். இருட்டினால் டார்ச்சால் இதையே செய்யலாம்.

திரும்புவதற்கான இடத்தை வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறுகலான பகுதி தொடங்குவதற்குச் சற்று முன்னால் அது இருக்க வேண்டும். அங்கே வந்ததும் ஐவரும் உட்காருங்கள். யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், “இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் திரும்ப வேண்டும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இதை முந்தின நாளே பேசி முடிவு செய்திருந்தால்தான் அங்கே வேலை செய்யும். பயந்தவரைத் தனியாகத் திருப்பி அனுப்பிவிட்டு நால்வர் தொடர்வதும் வேண்டாம். தனியாக இறங்குவதுதான் அவருக்கு அன்றைய நாளின் மிக ஆபத்தான பகுதியாக இருக்கும்.

அந்த நண்பர் பயிற்சிப் பாறையில் நன்றாக இறங்கினால் அவரோடு போங்கள், அதுவும் நடுவில் இறங்க வழியுள்ள முகட்டுக்கு. இறங்கவில்லையென்றால், அல்லது தனியாகக் கேட்டபோது தயங்கினால், அவருக்குக் கொடுக்க ஒரு வேலை இருக்கிறது. உங்கள் முகடு ஓரிடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் முடிகிறது. யாராவது வண்டியை மறுமுனைக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் வழியும் நேரமும் எழுதிய தாளும் யாராவது ஒருவரிடம் இருக்க வேண்டும். இத்தனை மணிக்குள் நீங்கள் வந்து சேரவில்லையென்றால் மலை மீட்புக் குழுவை அழைக்க ஒருவர் வேண்டும். அவர் பள்ளத்தாக்குப் பாதையில் நடந்துவிட்டு, மாலையில் கடைசி இறக்கத்தின் அடியில் உங்களுக்காகக் காத்திருக்கலாம். முகட்டில் நீங்கள் போவது கீழேயிருந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு பைனாகுலர் கொடுத்துவிட்டுப் போங்கள்.